ரேப்பர் யாருக்காக?
புத்தக அட்டை பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

புத்தக அட்டை பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சென்ற இதழில் ஒரு சின்னக் கட்டம் போட்டிருந்தோம். தபால் அட்டை, வாட்ஸ்அப், ஆறு பக்கக் கடிதம் என்று நிறைய வந்துவிட்டன. எல்லாவற்றையும் படித்தேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, இடம் இருக்கிற வரைக்கும் எழுதியிருக்கிறேன். அச்சகத்தில் நாங்கள் அட்டையை ‘ரேப்பர்’ என்றுதான் சொல்வோம். இருபத்தாறு வருடப் பழக்கம், பதில்களிலும் அந்தச் சொல் அங்கங்கே வரும்.

என் முதல் கவிதைத் தொகுப்பு அச்சுக்குப் போகிறது. பதிப்பாளர் அனுப்பிய அட்டையில் முழு நிலா, அதன் முன்னால் கூந்தல் பறக்கும் ஒரு பெண்ணின் நிழலுருவம். என் கவிதைகளில் நிலாவே கிடையாது. முதல் புத்தகம் என்பதால் வாய் திறக்கத் தயக்கம். சொல்லலாமா?
— கல்லூரி ஆசிரியை, கும்பகோணம்

தாராளமாகச் சொல்லுங்கள். அச்சுத் தகடான பிளேட் போடுவதற்கு முன்னால் சொல்லுங்கள். இந்தப் பதிலைப் படிக்கிற இன்றைக்கே போன் பண்ணிவிடுங்கள்.

எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ‘பிடிக்கவில்லை’ என்று மட்டும் சொன்னால் நிலா போய் மயிலிறகு வரும். அதுவும் உங்களுக்குப் பிடிக்காது. அட்டை வரைகிறவர் கைக்குப் பெரும்பாலும் முழுப் பிரதி வருவதே இல்லை. தலைப்பும், ‘கவிதை’ என்ற ஒரு சொல்லும், நாளைக்குள் வேண்டும் என்ற குறிப்பும்தான் வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

1915-ல் ஜெர்மன் மொழி எழுத்தாளர் காஃப்கா இதைத்தான் செய்தார். ‘உருமாற்றம்’ கதை புத்தகமாக வரும்போது ஓட்டோமார் ஸ்டார்க்கே என்பவர் அட்டை வரையப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் அவருக்குப் பயம் வந்துவிட்டது. மனிதன் பூச்சியாக மாறுகிற கதையாயிற்றே, பூச்சியை வரைந்துவிடுவாரோ என்று. அதை வரையக் கூடாது, தூரத்தில் இருப்பது போலக்கூடக் காட்டக் கூடாது என்று பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். அதோடு நிற்காமல், கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கிற பெற்றோரை வரையலாம், பக்கத்து இருட்டறைக்குத் திறந்திருக்கிற கதவை வரையலாம் என்று வழியும் சொன்னார். கடைசியில் வந்த அட்டையில் ஒரு மனிதன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நடக்கிறான். பின்னால் கதவு பாதி திறந்திருக்கிறது, உள்ளே இருட்டு. அவ்வளவுதான். நூறு வருடம் ஆகிவிட்டது, அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க இன்றைக்கும் எனக்குக் கை துறுதுறுக்கிறது.

நீங்களும் பதிப்பாளருக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். தொகுப்பின் உயிர் எந்தக் கவிதையில் இருக்கிறதோ அந்தக் கவிதை, உங்களை அறியாமல் திரும்பத் திரும்ப வருகிற ஒரு பொருள், வேண்டவே வேண்டாம் என்று நினைக்கிற ஒரு படம். இந்த மூன்றும் போதும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் கவிஞரின் தொகுப்புக்கு அட்டை செய்தேன். பிரதியை மூன்று தடவை படித்ததில், நாலைந்து கவிதைகளில் அம்மி வந்துபோவது கண்ணில் பட்டது. கவிஞருக்கே அது தெரியவில்லை. அவருடைய அம்மா வீட்டுக்குப் போனோம். பின்கட்டில் அம்மி கிடந்தது. நாற்பது வருடம் அரைத்ததில் நடுவில் தேய்ந்து தொட்டில் மாதிரி ஒரு பள்ளம். குழவியும் ஒரு பக்கம் மட்டும் தட்டையாகியிருந்தது. சாயந்தரம் நாலு மணி வெயில் சாய்வாக விழுந்தபோது அந்தப் பள்ளத்தை மட்டும் படம் எடுத்தேன். முன்னட்டை முழுக்கச் சாம்பல் நிறக் கல், நடுவில் நிழல். மூலையில் சின்னதாகத் தலைப்பு. பளபளப்பில்லாத மேட் லேமினேஷன். சென்னைப் புத்தகக் காட்சியில் அந்த ஸ்டாலில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். புத்தகத்தைக் கையில் எடுத்த பெண்களில் பலர் திறப்பதற்கு முன்னால் அந்தப் பள்ளத்தை விரலால் தடவினார்கள். அவர்களுக்காகத்தான் அந்தப் புத்தகம்.

சொந்தமாக ஒரு நாவல் வெளியிடுகிறேன். 240 பக்கம், டெமி அளவு, 300 பிரதி. அட்டையில் கவனிக்க வேண்டியது என்ன?
— ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், புதுக்கோட்டை

எல்லோரும் முன்னட்டையோடு நின்றுவிடுகிறார்கள். நான் முதுகிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

உங்கள் நாவல் கடையில் முகம் காட்டி நிற்பது முதல் சில வாரங்கள்தான். அப்புறம் அலமாரிக்குள் போய்விடும். பிறகு வருடக்கணக்காக வாசகன் பார்க்கப்போவது ஒரு விரல்கடை அகல முதுகை மட்டும். 240 பக்கம் என்றால் 120 தாள். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ அச்சுத்தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், அப்படியானால் முதுகு சுமார் 12 மில்லிமீட்டர். ஹை பல்க் தாள் போட்டால் இன்னும் தடிக்கும். இந்தக் கணக்கை நம்பி அட்டையை முடித்துவிடாதீர்கள். அச்சடிக்கப்போகிற அதே தாளில் 120 தாளை அடுக்கி பைண்டரிடம் ஒரு வெற்று டம்மி போட்டு வாங்கி, ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் தப்பினால் முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு முன்னட்டையில் ஏறி உட்கார்ந்துவிடும்.

முதுகு எழுத்து மேலிருந்து கீழாக ஓடட்டும். மேஜையில் புத்தகம் மல்லாந்து கிடக்கும்போது தலைப்பு நேராகப் படிக்க வரும். தமிழில் சில பதிப்பாளர்கள் கீழிருந்து மேலாகப் போடுகிறார்கள். ஒரே அலமாரியில் இரண்டும் கலந்தால் வாசகன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துக்கொண்டே நடக்க வேண்டியிருக்கிறது.

படத்தை 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கேளுங்கள். டெமி முன்னட்டைக்கு ஐந்தரை அங்குலம், எட்டரை அங்குலம் என்று வைத்தால் 1650 × 2550 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படம் அதற்குத் தாங்காது. நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெட்டு இடம் விடச் சொல்லுங்கள். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் நம் நாட்டில் இலவசம், மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை வழங்குகிறது. அதற்குப் பணம் கேட்பவரிடம் கவனமாக இருங்கள். பார்கோடைச் சிவப்பில் அடிக்க விடாதீர்கள். கடை ஸ்கேனரின் ஒளியே சிவப்பு, சிவப்புக் கோடு அதன் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைக் கட்டத்துக்குள் கறுப்பில் இருக்கட்டும்.

300 பிரதிக்கு டிஜிட்டல் அச்சு போதும். பிளேட் செலவு மிச்சமாகும். அந்தப் பணத்தைப் பிழை திருத்துபவருக்குக் கொடுங்கள்.

பின்னட்டையில் ஆசிரியர் படம் அவசியமா?
— வாசகர், கோவில்பட்டி

இல்லை. அந்த இடத்தில் நாவலின் நல்ல பத்தி ஒன்றைப் போட்டால் வாங்க வந்தவருக்கு உதவும். படத்தை உள்மடிப்பில் வைத்துக்கொள்ளலாம்.

ஆங்கிலப் புத்தக அட்டைகளைப் பார்த்தால் ஆசையாக இருக்கிறது. நம் அட்டைகள் ஏன் அப்படி வருவதில்லை?
— மென்பொருள் பணியாளர், சென்னை

எனக்கு இந்தக் கேள்வியே வேறு மாதிரி. ஆங்கில அட்டை போல ஒரு தமிழ் அட்டை ஏன் இருக்க வேண்டும்? நம் எழுத்தின் உடம்பு வேறு.

என் அப்பா விருதுநகரில் போர்டு எழுதுகிறவர். சாக்பீஸ் தூள் தடவிய நூலைச் சுண்டிக் கோடு போட்டதும் எழுத ஆரம்பித்துவிட மாட்டார். பலகை முன்னால் நின்று எழுத்துகளை எண்ணுவார். ‘ண’வும் ‘ஞ’வும் ‘ஐ’யும் எவ்வளவு இடம் தின்னும், ‘ர’வும் காலும் எவ்வளவு ஒல்லியாக நிற்கும் என்று பார்த்துப் பெருமூச்சு விட்டு அப்புறம்தான் பிரஷ்ஷைத் தொடுவார். ‘அண்ணாச்சி’ என்று எழுதிப் பாருங்கள். நடுவில் இரண்டு ணகரம் பந்தல் போட்டது மாதிரி விரியும், பக்கத்தில் ‘ச்சி’ ஒடுங்கிப்போகும். மேலே புள்ளி, சுழி, கீழே ‘கூ’, ‘ஞூ’ போன்றவற்றின் வால். இரண்டு வரித் தலைப்பில் மேல்வரி வாலும் கீழ்வரிப் புள்ளியும் முட்டிக்கொள்ளும். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒரே உயரத்தில் செங்கல் அடுக்கின மாதிரி நிற்கும். அதற்காகப் போட்ட டிசைனில் தமிழ்த் தலைப்பைத் தூக்கி வைத்தால் அது மேலே ஒட்டிய ஸ்டிக்கர் போலத்தான் இருக்கும்.

ஓவியர் ஆதிமூலம் இதைத் தெரிந்து வைத்திருந்தார். 1960களிலிருந்து சிறுபத்திரிகைகளுக்கும் நவீன இலக்கிய நூல்களுக்கும் அவர் வரைந்து கொடுத்த தலைப்பெழுத்துகளைப் பாருங்கள். அச்சுக்கோட்டின் ஒழுங்கு இருக்காது. காந்தியை வரைந்த அதே கைக்கோடு எழுத்திலும் இருக்கும். சில அட்டைகளில் படமே கிடையாது, எழுத்துதான் படம். க்ரியா பதிப்பகம் இன்னொரு வழியில் போனது. நிறைய வெற்றிடம், அடக்கமான எழுத்து, நல்ல தாள். 1974-ல் தொடங்கிய அந்தப் பதிப்பகத்தின் புத்தகம் ஒன்றை மாணவனாக இருக்கும்போது முதல் முறை கையில் வாங்கியதும் வாசனை பிடித்துப் பார்த்தேன்.

இந்த விஷயத்தில் எனக்கு ஆசான் கல்கத்தாவில் இருந்தார். சத்யஜித் ராய் படம் எடுக்க வருவதற்கு முன்னால் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தவர். சிக்னெட் பிரஸ் என்ற பதிப்பகத்துக்கு அட்டைகள் செய்தார். ஜிம் கார்பெட்டின் குமாவுன் புலிகள் புத்தகத்துக்கு அவர் செய்தது என்ன தெரியுமா? முன்னும் பின்னும் சேர்த்து முழு அட்டையையும் புலித்தோல் ஆக்கிவிட்டார். ஒரு பக்கம் துப்பாக்கிக் குண்டு நுழைந்த ஓட்டை, மறு பக்கம் வெளியேறிய ஓட்டை. இரண்டும் ஒரே அளவில் இல்லை. குண்டு வெளியேறும் இடத்தில் காயம் பெரிதாகத்தானே இருக்கும்! புத்தகத்தைத் திருப்பிப் பார்க்கிறவன் கையிலேயே அந்தக் குண்டு பாய்ந்து போகிறது. இதைச் செய்ய வெளிநாட்டு மெஷினும் விலையுயர்ந்த தாளும் தேவைப்படவில்லை. அவர் புத்தகத்தைப் படித்திருந்தார், வங்காள எழுத்தைப் பிரஷ்ஷால் எழுதக் கற்றிருந்தார். அதே சிக்னெட்டுக்காகப் ‘பதேர் பாஞ்சாலி’யின் சிறுவர் பதிப்புக்குப் படம் போட்டபோதுதான் அந்தக் கதை அவருக்குள் போனது. 1955-ல் சினிமாவாக வெளியே வந்தது.

நம்மிடம் குறை இருக்கிறது, மறைக்கவில்லை. அது திறமையில் இல்லை. அட்டைக்குக் கொடுக்கிற நாளில் இருக்கிறது. மூன்று வருடம் எழுதிய நாவலுக்கு அட்டை செய்ய இரண்டு நாள் தருகிறார்கள், அதுவும் டிசம்பர் கடைசி வாரத்தில், ஜனவரிப் புத்தகக் காட்சி அவசரத்தில்.

யூனிகோடு எழுத்தில் அட்டை செய்தால் கொம்பு தனியே விழுந்துவிடுகிறது. என்ன செய்வது?
— டிடிபி ஆபரேட்டர், சிவகாசி

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பழைய வலி வந்துவிட்டது. என் ஆரம்ப காலத்தில் ஒரு நாவலின் தலைப்பில் ‘கொ’ இருந்தது. என் கணினியில் சரியாகத்தான் நின்றது. ஃபைலை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பினேன். அங்கே இருந்த பழைய மென்பொருளில் திறந்ததும் முன்னால் நிற்க வேண்டிய கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய்விட்டது. 1,100 ரேப்பர் அடித்து, லேமினேஷனும் முடிந்து, பைண்டிங்குக்குப் போகிற அன்று ஆசிரியரின் மனைவி எதேச்சையாகப் பார்த்துச் சொன்னார். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி அடித்தோம். தப்பு என்னுடையது, பாதிச் செலவை நான் கொடுத்தேன்.

பக்கம் அமைக்கிற மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்டு ரெடி காம்போசரைத் தேர்ந்துகொள்ளுங்கள், கொம்பு சரியான இடத்தில் நிற்கும். அனுப்புவதற்கு முன் தலைப்பைக் கர்வ் ஆக்கிவிடுங்கள். கர்வ் ஆனபின் அது எழுத்தில்லை, வெறும் வடிவம். எந்தக் கணினியில் திறந்தாலும் மாறாது. அதன் பிறகு தாளில் பிரின்ட் எடுத்து, மென்பொருள் தெரியாத ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நான் இன்றைக்கும் செய்கிறேன். என் வீட்டில் அந்த வேலை மாமியாருடையது.

பொன்னியின் செல்வனுக்கு எத்தனை அட்டைகள்! எல்லாம் ஒரே கதைதானே, எதை வாங்குவது?
— இல்லத்தரசி, சேலம்

கல்கியின் எழுத்துகளைத் தமிழக அரசு 1999-ல் நாட்டுடைமையாக்கியது. அதனால் யாரும் அச்சிடலாம். உள்ளே இருக்கிற கதை ஒன்றேதான் என்பதால் அட்டை, தாள், பிழை திருத்தம், விலை ஆகிய நான்கில்தான் போட்டி. 2022-ல் திரைப்படம் வந்தபோது நிறைய இளைஞர்கள் முதன்முதலாக இந்த நாவலைத் தேடி வந்தார்கள், பதிப்புகளும் பெருகின.

வாங்குமுன் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பின்பக்க எழுத்து இந்தப் பக்கம் தெரிந்தால் தாள் மெல்லிசு. புத்தகத்தை நன்றாக விரித்துப் பாருங்கள், முதுகில் விரிசல் விடுகிறதா என்று. ஒரு பக்கம் முழுதாகப் படியுங்கள், இரண்டு பிழைக்கு மேல் இருந்தால் வேறு பதிப்பைப் பாருங்கள்.

அட்டை என்று கேட்டால், இந்த நாவலுக்கு முதல் அட்டை மணியம் வரைந்த படங்கள்தான். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் தொடராக வந்தபோது வாரம்தோறும் வரைந்தார். குந்தவை யார், நந்தினி யார் என்று கொண்டையை வைத்தே பாட்டிமார் சொல்லிவிடுவார்கள். பிறகு வினு, மணியம் செல்வன், பத்மவாசன் வரைந்தார்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு வந்தியத்தேவன் முகம் இருக்கிறது.

எனக்கு ஒரு ஆசை ரொம்ப நாளாக உண்டு. கதை ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. தலைப்பிலேயே பொன்னி இருக்கிறாள். முதல் பாகத்தின் பெயரே ‘புது வெள்ளம்’. ஐந்து பாகங்களையும் அலமாரியில் வரிசையாக நிறுத்தினால் ஐந்து முதுகும் சேர்ந்து ஒரு ஆறாக ஓட வேண்டும். முதல் முதுகில் மலைச்சரிவு, நடுவில் கல்லணை, ஐந்தாவதில் கடல். வாளும் குதிரையும் முன்னட்டையில் இருந்துவிட்டுப் போகட்டும். இதைச் செய்ய விரும்புகிற பதிப்பாளர் யாராவது இருந்தால் நான் காசு வாங்காமல் வரைந்து தருகிறேன்.

நாங்கள் மூன்று பேர் நடத்துகிற சின்னப் பதிப்பகம். விளம்பரத்துக்குப் பணமில்லை. புத்தகத்தை ஜனங்களிடம் கொண்டுபோகப் புதிதாக என்ன செய்யலாம்?
— பதிப்பாளர், திருப்பூர்

இந்தக் கவலை நம் மொழியில் பழையது. 1920-ல் கடையத்திலிருந்து பாரதியார் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தன் எழுத்துகளை 40 புத்தகங்களாகப் போடுவது, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி. மண்ணெண்ணெய், தீப்பெட்டியைவிடச் சாதாரணமாகவும் வேகமாகவும் அவை விற்றுப்போகும் என்று நம்பிக்கையோடு எழுதினார், அதற்குப் பணம் கேட்டார். பணம் வரவில்லை. அந்தக் கனவு நடக்காமலே அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தார். அவர் எடுத்துக்கொண்ட உவமையை மட்டும் கவனியுங்கள். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் எங்கே விற்றன? மளிகைக் கடையில். ஜனங்கள் ஏற்கெனவே போகிற இடத்துக்குப் புத்தகம் போக வேண்டும் என்பது அதற்குள் இருக்கிறது.

பதினைந்து வருடம் கழித்து லண்டனில் பதிப்பாளர் ஆலன் லேன் அதைச் செய்தார். 1935 ஜூலையில் பெங்குவின் முதல் பத்துப் புத்தகங்கள், விலை ஆறு பென்ஸ். புத்தகக் கடைக்காரர்கள் தயங்கினார்கள், இவ்வளவு மலிவு விலையில் எங்களுக்கு என்ன மிஞ்சும் என்று. பாத்திரம் பண்டம் விற்கிற வுல்வொர்த் கடைகள் 63,500 பிரதி ஆர்டர் கொடுத்தன, பெங்குவின் பிழைத்தது. அட்டையும் அந்தக் கடைக்கு ஏற்ற மாதிரி இருந்தது. படமே இல்லை. மூன்று பட்டை. ஆரஞ்சு என்றால் கதை, பச்சை என்றால் துப்பறியும் நாவல், நீலம் என்றால் வாழ்க்கை வரலாறு. அலுவலகத்தில் வேலை பார்த்த எட்வர்ட் யங் என்ற இளைஞரை மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பிப் பென்குயினை நேரில் பார்த்து வரைந்துவரச் சொன்னார்கள். பணச்செலவு குறைவு, யோசனை அதிகம்.

நான் கூட இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் மாடு வளர்ப்பு பற்றி எழுதியிருந்தார். பதிப்பாளர் முதலில் பச்சை வயல், சூரிய உதயம் என்று கேட்டார். மருத்துவர் என்னை மணப்பாறை மாட்டுச் சந்தைக்குக் கூட்டிப் போனார். அங்கே பெரியவர்கள் துண்டுச் சீட்டைக்கூடக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படித்தார்கள். எல்லார் கையிலும் சாணி, தண்ணீர், தவிடு. திரும்பி வந்து வயலைத் தூக்கிவிட்டேன். முன்னட்டையில் ஒரு மாட்டின் முகம் நேராக, கண் நம்மைப் பார்க்கிற மாதிரி. தலைப்பு கை நீட்டிய தூரத்தில் படிக்கிற அளவு. எப்போதும் மேட் கேட்கிற நான் இதற்குப் பளபளக்கிற கிளாஸ் லேமினேஷன் கேட்டேன், ஈரத்துணியால் துடைக்கலாம் என்று. பின்னட்டையில் பாராட்டுரை எதுவும் இல்லை. வயிறு உப்பினால், கன்று ஈனும்போது தடைப்பட்டால் என்று அவசரத்துக்கு முதலில் செய்ய வேண்டியது எட்டு வரி.

மருத்துவர்தான் கடைசியில் அந்த யோசனையைச் சொன்னார். அவர் வீட்டில் பஞ்சாங்கம் மூலையில் கயிறு கோத்து ஆணியில் தொங்கும். அதே மாதிரி இந்தப் புத்தகத்துக்கும் மூலையில் ஓட்டை போட்டுச் சணல் கயிறு கோத்தோம், மாட்டுக் கொட்டகையில் மாட்டிக்கொள்ள. விற்றது புத்தகக் கடையில் இல்லை. தவிடு, புண்ணாக்கு விற்கிற தீவனக் கடைகளில், கல்லாவுக்கு மேலே கயிற்றில் தொங்கியது. 1,000 பிரதி எட்டு மாதத்தில் தீர்ந்து மறு அச்சு போனது.

நீங்கள் திருப்பூரில் இருக்கிறீர்கள். பனியன் கம்பெனித் தொழிலாளி பற்றிய நாவல் உங்களிடம் வந்தால் அதை எங்கே தொங்கவிடுவீர்கள் என்று யோசியுங்கள். டீக்கடையா, மெஸ்ஸா, பேருந்து நிலையமா? அதை முடிவு செய்த பிறகு அட்டைக்காரரைக் கூப்பிடுங்கள்.

இன்னொரு வழியும் செலவு குறைந்ததுதான். 2010-ல் அமிஷ் திரிபாதியின் முதல் நாவல் வந்தபோது முதல் அத்தியாயத்தை மட்டும் தனியாக அச்சடித்துக் கடைகளில் இலவசமாகக் கொடுத்தார்கள். யூடியூபில் சினிமா மாதிரி ட்ரெய்லர் விட்டார்கள். ட்ரெய்லருக்குப் பணம் வேண்டும், முதல் அத்தியாயத்துக்கு ஒரு ஃபாரம், அதாவது மடித்தால் பல பக்கமாகிற ஒரு பெரிய தாள் போதும். நல்ல முதல் அத்தியாயம் இருக்கிற புத்தகத்துக்கு மட்டும் இதைச் செய்யுங்கள்.

அட்டையை இன்ஸ்டாகிராமில் வெளியிடுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். செய்யுங்கள். ஆனால் போனில் அட்டை தபால்தலை அளவுக்குச் சுருங்கும். முடிப்பதற்கு முன் அந்த அளவில் ஒரு தடவை பாருங்கள், தலைப்பு படிக்க வருகிறதா என்று.

ஏஐ-யில் அட்டைப்படம் உருவாக்கினேன், அழகாக வந்திருக்கிறது. பயன்படுத்தலாமா?
— எழுத்தாளர், நாகர்கோவில்

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோயில் பிராகாரத்தில் ஒரு பெண் நடக்கிறாள். தூண்களில் யாளிக்கு முகம் பாதியில் கரைந்துபோகிறது. புடவைக் கொசுவம் இடுப்பின் எந்தப் பக்கம் சொருகியிருக்கிறது என்று தெரியவில்லை. கல்வெட்டில் தமிழ் மாதிரி ஏதோ இருக்கிறது, தமிழ் இல்லை. உங்கள் நாவல் சுசீந்திரத்தில் நடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோயிலில் தட்டினால் இசை வருகிற தூண்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் போய்வருகிற தூரம். ஊர்க்காரர்கள் உங்கள் அட்டையைப் பார்த்தால், இது எந்த ஊர்க் கோயில் என்றுதானே கேட்பார்கள்?

உரிமை விஷயமும் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் ஒரு சித்திரக்கதை நூலில் ஏஐ உருவாக்கிய படங்களுக்குப் பதிவு கிடையாது என்று சொல்லிவிட்டது. உங்கள் அட்டையை வேறொருவர் எடுத்துப் போட்டால் என்ன சொல்லித் தடுப்பீர்கள்?

மனதில் இருப்பதை ஓவியருக்கு விளக்க அந்தப் படத்தைக் காட்டலாம். அட்டையில் போடாதீர்கள். நாகர்கோவிலில் கோயில் படம் எடுக்கத் தெரிந்த இளைஞர் எத்தனையோ பேர். ஒருவரை அழைத்துக்கொண்டு விடிகாலையில் போங்கள். படம் எடுக்க அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், அவர் பெயரை உள்ளே போடுங்கள், பணமும் கொடுங்கள். கூகுளில் படம் எடுக்கலாமா என்று கேட்ட மற்ற மூவருக்கும் இதே பதில். நம் சட்டப்படி ஒரு புகைப்படத்துக்கு எடுத்தவரின் ஆயுள் முழுக்கவும், அவர் இறந்த பிறகு 60 வருடமும் உரிமை உண்டு. எடுத்தவரைத் தேடிப் பிடித்து எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். புத்தகத்துக்கு அட்டை வரைகிறவனாக ஆக வேண்டும். என்ன படிக்க வேண்டும்?
— மாணவன், அருப்புக்கோட்டை

தம்பி, உன் கடிதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கவரின் மேல் என் பெயரை நீ எழுதியிருந்த விதத்தைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். ழகரத்தின் வாலை நீ இடது பக்கம் நீட்டி முந்தைய எழுத்துக்கு அடியில் கொண்டுபோய் முடித்திருக்கிறாய். அது யாரும் சொல்லிக்கொடுத்து வராது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கிற அரசு கவின்கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம். சென்னைக் கல்லூரி 1850-ல் தொடங்கியது, ஆதிமூலம் படித்த இடம். கணினி அப்போது கற்றுக்கொள்ளலாம், இப்போது அவசரமில்லை. பிரஷ்ஷும் பென்சிலும் பழகு. உங்கள் ஊரில் இன்னும் கையால் போர்டு எழுதுகிறவர் யாராவது இருந்தால் லீவு நாளில் போய் அவர் பக்கத்தில் நில். பெயின்ட் டப்பா கழுவிக் கொடு, வேலை சொல்லிக்கொடுப்பார்.

அப்புறம், பள்ளி நூலகத்தில் உனக்குப் பிடித்த ஒரு புத்தகத்தை எடுத்து முழுதாகப் படித்துவிட்டு அதற்கு ஒரு புது அட்டை வரைந்து எனக்கு அனுப்பு. முன்னட்டை, முதுகு, பின்னட்டை மூன்றும் ஒரே தாளில் இருக்கட்டும். பக்கத்தை எண்ணி முதுகின் அகலத்தை நீயே கணக்குப் போடு. போனில் படம் எடுத்து அனுப்பாதே. அசல் தாளை மடிக்காமல் சுருட்டித் தபாலில் அனுப்பு. இந்த இதழின் முகவரிக்கு அனுப்பினால் எனக்கு வந்துவிடும்.